தம்பி திறந்த கதவு

போர்டா? எந்த போர்டு சார்?

ஓ, அதுவா. நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்துட்டுத்தான் வந்தீங்களா. அதானே. இப்பல்லாம் முக்காவாசிப் பேரு அப்படித்தான் வர்றாங்க. இந்த மியூசியத்துல முன்னாடி ஓவியக் கூடத்துல அவ்வளவு படம் மாட்டி வெச்சிருக்கு, ஐம்பொன் சிலை இருக்கு, ஒண்ணையும் திரும்பிப் பார்க்கிறதில்ல. பின்னால அஞ்சு ஊர்லேருந்து அஞ்சு பழைய வீட்டைப் பிரிச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கு, மத்த நாலு வீட்டுக்குள்ள தலையை நீட்டுறதில்ல. நேரா இங்க வந்து நின்னுக்கிட்டு, "தம்பி திறந்த கதவு எங்க இருக்கு?"

இதான் சார் அந்தக் கதவு. நாலு ஸ்க்ரூ ஓட்டை தெரியுதுல்ல, போர்டு அங்கதான் இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். யாரையும் கேக்கலை. ஸ்க்ரூ டிரைவர் எடுத்தாந்து என் கையால கழட்டினேன்.

ஆமா, நான்தான் அந்தத் தம்பி. வைத்திலிங்கம். கழுத்துல அட்டை தொங்குது பாருங்க. கையெல்லாம் குடுக்க வேணாம் சார். அதைத்தான் சொல்றேன், கை குடுக்காதீங்க. நான் ஒண்ணும் தொறந்து விடலை.

பூட்ட மறந்துட்டேன். அவ்வளவுதான்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. அடுத்த டூர் மூணு மணிக்குத்தான், நேரம் கெடக்கு. உக்காருங்க, சொல்றேன். ஊஞ்சல்ல உக்காராதீங்க, அது காட்சிக்கு வெச்சது. அது எங்க வீட்டு ஊஞ்சலும் இல்ல. எங்க கூடத்துல ஊஞ்சலே கெடையாது. செவுத்துல இந்தத் தஞ்சாவூர் ஓவியம் தொங்குதே, அதுவும் எங்களுது இல்ல. எங்க செவுத்துல உரக்கடை காலண்டர்தான் தொங்கிச்சு. மேடம் மாட்டச் சொன்னாங்க, மாட்டியிருக்கு. "இங்குதான் குடும்பத் தலைவர் ஊஞ்சலில் அமர்ந்து வழக்குகளைத் தீர்ப்பார்"ன்னு தெனம் ரெண்டு வேளை சொல்றேன். எங்கப்பா எந்த வழக்கைத் தீர்த்தாரு? இருந்தாலும் சொல்றேன். அதெல்லாம் சும்மா சார். யாருக்கும் கெடுதல் இல்ல.

ஆனா இது அப்படி இல்ல. இதுல என் மானம் இருக்கு.

எங்க ஊரு மன்னார்குடி பக்கம். இந்த வீடு அங்க நின்ன வீடு. தூணுக்கெல்லாம் நம்பர் போட்டு, கூரை ஓடெல்லாம் வைக்கோல்ல சுத்தி, பதினாலு லாரில ஏத்திக் கொண்டாந்தாங்க. அப்பா போனப்புறம் யாரும் குடியில்லாம ஒழுகிக்கிட்டுக் கெடந்துச்சு, சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து குடுத்துட்டோம். எந்த மரம் எங்க போவணும்னு இவங்களுக்குத் தெரியலை. வசுந்தரா மேடம்தான் இங்க தலைமை. அவங்க எனக்கு ஆள் அனுப்பினாங்க. வந்து நின்னு காட்டினேன். இது ரெண்டாங்கட்டு, இது அடுப்படி, இது பத்தாய அறைன்னு. அப்படியே "நீங்களே இங்க இருந்து சுத்திக் காட்டுங்களேன் வைத்திலிங்கம்"னாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. சொந்த வீட்டையே டிக்கெட் போட்டுக் காட்டுறவன் இந்த உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இதுக்குள்ள பாருங்க. இந்தப் பெரிய மரப்பெட்டிதான் பத்தாயம். ஆள் உயரம். வருஷத்து நெல்லு மொத்தமும் இதுக்குள்ள இருக்கும். அதுக்கும் செவுத்துக்கும் நடுவுல பாய் விரிக்கிற அளவு எடம். மேல சின்னதா ஒரு ஜன்னல். அங்கதான் எங்கக்காவை வெச்சிருந்தோம்.

அக்கா பேரு தையல்நாயகி. எனக்கு மூணு வயசு மூப்பு. எண்பத்தாறாம் வருஷம், வைகாசி மாசம். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்தொன்பது. டீச்சர் டிரெய்னிங் முடிச்சிட்டு வீட்டுல இருந்தா. கூட்டுறவு சொசைட்டில ஞானசேகரன்னு ஒரு கிளார்க். அவனைத்தான் கட்டிப்பேன்னு அப்பா முன்னாடி நின்னு சொல்லிட்டா. அவன் நம்ம ஆளு இல்ல. எந்தத் தெருன்னு நான் சொல்லலை, உங்களுக்கே புரியும். அப்பா கத்தலை, அடிக்கலை. "உள்ள போ"ன்னாரு. போனா. சாவியை என் கையில குடுத்தாரு.

என் கையில சார். பெரியப்பா இருந்தாரு, அவர்கிட்ட குடுக்கலை. அம்மாகிட்ட குடுக்கலை. என்கிட்ட குடுத்தாரு. அதுவரைக்கும் என்னை ஒரு ஆளாவே மதிக்காத மனுஷன். "மூணு வேளையும் சோறு நீதான் கொண்டு போவணும், நீதான் பூட்டணும்"னாரு.

நல்லாக் கேட்டுக்குங்க. ஒம்பது நாள். ஒரு வேளை தவறலை. காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு. மீன் கொழம்பு வெச்ச அன்னிக்கு நடுத்துண்டு அவளுக்குத்தான் வெச்சேன். சீப்பு கேட்டா, அம்மாகிட்ட வாங்கிக் குடுத்தேன். காலையிலயும் சாயந்தரமும் பெரியம்மா அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போயி வருவாங்க, திரும்பி வந்ததும் நான் பூட்டுவேன். பூட்டினப்புறம் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவ்வளவு பொறுப்பு.

ஆறாம் நாளு, "கதவைக் கொஞ்ச நேரம் தொறந்து வைடா தம்பி, மூச்சு முட்டுது"ன்னா. "அப்பாவைக் கேக்கணும்"னேன். கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? வைகாசி வெயிலு சார், வீட்டுல எல்லாருக்குந்தான் மூச்சு முட்டிச்சு.

ஒம்பதாம் நாளு மத்தியானம். எதிர்வீட்டுல கல்யாணம். வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து, மூணு படம் போடுறாங்க. அப்ப எங்க ஊர்ல டிவியே ரெண்டு வீட்டுலதான். தெருவே அங்கதான் உக்காந்திருக்கு. நான் சோத்துத் தட்டோட உள்ள போறேன், டைட்டில் மியூசிக் கேக்குது. காலு நிக்கலை. தட்டைக் கீழ வெச்சேன், வெளிய வந்தேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன். பூட்டு வளையத்துலயே தொங்குது, சாவி அதுலயே இருக்கு. நாதாங்கியைப் போடலை. மறந்துட்டேன். மனுஷன்தானே சார், மறந்துட்டேன்.

ரெண்டாவது படம் ஓடுறப்ப பெரியம்மா வந்து என் தோளைத் தொட்டாங்க. அவங்க மொகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு.

அப்பா வண்டி மாட்டுச் சாட்டையை எடுத்தாரு. எதைச் சொல்லியும் கேக்கலை. "மறந்துட்டேம்ப்பா, மறந்துட்டேம்ப்பா"ன்னு கத்துறேன். "மறக்குறவன் ஒம்பதாம் நாளா மறப்பான்? தெரு காலியா இருக்குற நேரம் பார்த்தா மறப்பான்? அக்காளும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டீங்க"ன்னாரு. முதுகுல கோடு இன்னும் இருக்கு.

அதுகூடப் பரவால்ல சார். ஒரு மாசம், ரெண்டு மாசம், கோவம் தணிஞ்சிருக்கும். தணிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு நாளு என்னை வயலுக்குக்கூடக் கூப்பிட்டாரு. அப்பப் பார்த்து இவ என்ன பண்ணினா தெரியுமா? கடுதாசி போட்டா. கவர்ல போட்டாளா? இல்ல. போஸ்ட் கார்டுல போட்டா! எங்க ஊரு தபால்காரரு கார்டைப் படிச்சுட்டுத்தான் குடுப்பாரு. "தம்பி, நாங்கள் நெய்வேலியில் நலம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ செய்ததை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்." அதை எங்கப்பா கையில குடுக்குறாரு தபால்காரரு, வாசல்ல வெச்சு, நாலு பேரு பார்க்க.

முடிஞ்சு போச்சு. அன்னிலேருந்து எங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. பதினெட்டு வருஷம் சார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. "அவனை வரச் சொல்லு", "அவனைப் போகச் சொல்லு", அதுவும் அம்மாகிட்ட. என் கல்யாணத்துல மணவறையில நின்னாரு, என் மொகத்தைப் பார்க்கலை. ரெண்டாயிரத்து நாலுல போய்ச் சேர்ந்தாரு. சாகுறதுக்கு முந்தி, கொள்ளி அவன் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. பெரியப்பா மவன் கலியமூர்த்தி வெச்சான். அக்கா போனப்ப அவன் வெளியூர்ல ஹாஸ்டல்ல படிச்சுக்கிட்டிருந்தான், ஒண்ணும் அறியாதவன், அவன் வெச்சான். பெத்த புள்ள நான் ஓரமா நிக்கிறேன்.

எதுக்கு? நான் செய்யாததுக்கு. நான் அப்பாவுக்குத் துரோகம் பண்ணலை சார். ஒம்பது நாளும் ஒழுங்காப் பூட்டினவன் நான்.

சரி. அதையெல்லாம் முழுங்கிட்டு இங்க வந்து வேலையைப் பார்த்துட்டு இருக்கேன். இந்த அறைக்கு வந்தா பத்தாயத்தைப் பத்திச் சொல்லுவேன், போயிடுவேன். இந்தத் தை மாசம், பதினோரு மணி டூரு. வேன்ல ஒரு குரூப் வந்துச்சு, பதினெட்டுப் பேரு, ரிட்டையர்டு டீச்சருங்க. அதுல ஒரு அம்மா முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, கடைசியா வந்துக்கிட்டிருந்தாங்க. நான் கவனிக்கலை. இடுப்புல மைக்கை மாட்டிக்கிட்டு என் பாட்டுக்குப் பேசுறேன்: "இதுதான் பத்தாய அறை. ஓராண்டுக்குத் தேவையான நெல் இங்கே சேமித்து வைக்கப்பட்டது. எலி, ஈரம் எதுவும் அண்டாது."

அந்த அம்மா கேட்டாங்க, "இந்த அறையில ஆளுங்க யாராவது இருந்திருக்காங்களா?"

"இல்லீங்கம்மா. நெல்லு மட்டுந்தான்."

"உள்ள உக்காந்து பார்த்தா அந்த ஜன்னல்ல என்ன தெரியும்?"

"கொல்லை தெரியும், தோட்டம் தெரியும்"னு சொன்னேன். நான் என்னத்தைக் கண்டேன், உள்ள உக்காந்தா பார்த்தேன்?

"தோட்டம் தெரியாது. மாட்டுக் கொட்டாச் செவுரு தெரியும். மேலேருந்து நாலாவது வரிசைல ஒரு செங்கல்லு பேந்திருக்கும். அதுல ஒரு பல்லி இருந்துச்சு."

மைக்குல என் மூச்சுச் சத்தம்தான் கேக்குது. "தம்பி"ன்னா. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு, டிக்கெட் வாங்கிட்டு வந்து, பதினேழு பேருக்கு முன்னாடி, "தம்பி".

அப்புறம் அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. டீச்சர் இல்லையா, கேக்கணுமா. என் டூரு சார் அது, நான் ஓரமா நிக்கிறேன், அவ பேசுறா. "ஒம்பது நாள் இங்க இருந்தேன். தெனம் மூணு வேளை பூட்டுற சத்தம் கேக்கும். ஒம்பதாம் நாளு கேக்கலை. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். மறந்துட்டானோன்னு நெனச்சேன். மறக்குறவன் இல்ல என் தம்பி. ஊரே எதிர்வீட்டுல படம் பார்க்குற நேரமாப் பார்த்துத் தொறந்து விட்டிருக்கான்னு அப்புறந்தான் புரிஞ்சுச்சு. அந்த வயசுல, அந்த அப்பாவுக்கு எதிர்ல, அவன் செஞ்சதை எத்தனை ஆம்பளை செய்வான்? இதோ நிக்கிறான் பாருங்க."

கை தட்டினாங்க சார். பக்கத்து வீட்டைப் பார்த்துட்டு இருந்த கூட்டமும் ஓடி வந்து கை தட்டுது. ஒரு பொண்ணு போன்ல எடுத்துட்டா. என் அக்கா என் கையைப் புடிச்சுட்டு அழுவுறா. நான் "அக்கா, இல்லக்கா"ன்னேன். வீடியோவுல பாருங்க, நல்லாக் கேக்கும், "இல்லக்கா"ன்னு சொல்றேன். அதைக் கேட்டும் கை தட்டுறாங்க.

ஒரே வாரம். எங்க பார்த்தாலும் அந்த வீடியோதான். மூணாம் நாளு கலியமூர்த்தி போன் பண்றான். "அண்ணே, பார்த்தேன். சித்தப்பா அப்பவே சரியாத்தான் சொல்லியிருக்காரு. நீங்கதான் கடைசி வரைக்கும் மறந்துட்டேன் மறந்துட்டேன்னு பொய் சொல்லிட்டீங்க"ங்குறான். புரியுதா சார் உங்களுக்கு? ஊருக்கே நிரூபணம் ஆயிப் போச்சு. எங்கப்பா சாட்டையால அடிச்சது சரி, பேசாம இருந்தது சரி, கொள்ளி வைக்க விடாதது சரி. எல்லாம் சரின்னு ஆக்கிட்டா என் அக்கா, கை தட்டலோட.

மேடத்துகிட்டப் போயி நின்னேன். அவங்க மொகம் பூவா மலர்ந்து கெடக்கு. "வைத்திலிங்கம், பதினோரு வருஷமா இந்தக் கதையை ஏன் சொல்லலை? இதுதான் இந்த வீட்டோட உயிர்!"

"மேடம், அது அப்படி இல்ல. நான் பூட்ட மறந்துட்டேன். படம் பார்க்கப் போனேன்."

சிரிக்கிறாங்க. "உங்களுக்கு ரொம்பத் தன்னடக்கம்"ங்குறாங்க. தன்னடக்கமாம்! நாலு நாள்ல போர்டு வந்துருச்சு. பித்தளைல. மனப்பாடமே ஆயிருச்சு எனக்கு: "1986ஆம் ஆண்டு, தன் விருப்பப்படி மணமுடிக்க விழைந்த ஓர் இளம்பெண் இவ்வறையில் ஒன்பது நாட்கள் அடைத்து வைக்கப்பட்டாள். அவளது தம்பி துணிவுடன் கதவைத் திறந்துவிட்டான்." அடைத்து வைக்கப்பட்டாளாம். யாரு பூட்டினது? மூணு வேளை சோறு யாரு கொண்டு போனது? அதுக்கு ஒரு வார்த்தை இல்ல. செய்யாததுக்குப் பித்தளைல போர்டு.

டூர்லயும் சொல்லணும்னுட்டாங்க. வெள்ளைக்காரங்க வந்தா மொழிபெயர்க்க ஒரு ஆளு. ஒரு தடவை பொறுக்க முடியாம ஒரு காலேஜ் குரூப்புகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். நான் தொறக்கலை, டெக்குல படம் பார்க்க ஓடினேன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "செம காமெடி சார் நீங்க"ன்னு செல்பி எடுத்துக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னா, என் பொண்டாட்டி செண்பகம், "இப்பவாவது நாலு பேரு உங்களை நல்லவன்னு சொல்றாங்களே, வாயை மூடிட்டு வாங்கிக்குங்க"ங்குறா. "அப்ப நான் நல்லவன் இல்லையா?"ன்னேன். அவ துணியை மடிச்சுக்கிட்டிருந்தா.

சித்திரையில அக்கா பத்திரிகை எடுத்துட்டு வந்தா. வீட்டுக்காரரும் கூட வந்தாரு, அந்த ஞானசேகரன். வழுக்கை விழுந்துருச்சு, சர்க்கரை வேற. மக கயல்விழிக்கு நெய்வேலில கல்யாணம். "தாய்மாமன் நீதான். நீதான் அவ கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்"னா. ஞானசேகரன் என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறாரு. "மாப்ள, நீங்க இல்லன்னா இந்தக் குடும்பமே இல்ல." கையை உருவிக்கிட்டேன்.

போனேன் சார். போகாம இருந்திருக்கலாம். போனேன். மண்டபத்துல கால் வெச்சதுலேருந்து ஒவ்வொருத்தரா வந்து கும்பிடுறாங்க. மாப்ளை வீட்டுக்காரங்க வந்து பார்க்குறாங்க. பொண்ணு, கயல்விழி, கால்ல விழுந்து எந்திரிச்சுட்டு, "மாமா, சின்ன வயசுலேருந்து உங்க கதையைக் கேட்டுத்தான் வளந்தேன். பயமா இருந்தா அம்மா உங்களைப் பத்தித்தான் சொல்லுவாங்க"ங்குது. அவ்வளவு நல்ல பொண்ணு. அதுகிட்ட என்னத்தைச் சொல்ல?

முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரம் இருக்கு. அக்கா என்னை ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, பட்டு வேட்டி சட்டையை எடுத்துக் குடுத்தா. "உடுத்திக்க. இதை வாங்கிக் குடுக்கணும்னு எத்தனை வருஷ ஆசை தெரியுமா"ன்னா. உடுத்திக்கிட்டேன். அவ சட்டைக் காலரைச் சரி பண்ணி விடுறா. எனக்கு அப்ப பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"அக்கா, நிறுத்து. நான் தொறந்து விடலை. பூட்ட மறந்துட்டேன். படம் பார்க்க ஓடினேன். இதான் நடந்தது. நீ நெனைக்கிறது எதுவும் நடக்கலை. அன்னிக்கே அப்பாகிட்டச் சொன்னேன், அவரு நம்பலை. இப்ப உன்கிட்டச் சொல்றேன், நீயாவது நம்பு."

அவ கை காலர்லயே நிக்குது.

"மறந்துட்டியா?"ன்னா.

"ஆமா."

"மறக்காம இருந்திருந்தா?"

"பூட்டியிருப்பேன். வேற என்ன?"

"பத்தாம் நாளும்?"

"ஆமா."

"பதினஞ்சாம் நாளும்?"

"அப்பா சொல்ற வரைக்கும் பூட்டியிருப்பேன்க்கா. என்கிட்ட ஒரு பொறுப்பைக் குடுத்தா நான் சரியாச் செய்யிறவன்"னேன்.

கையை எடுத்துட்டா. கத்துவான்னு பார்த்தேன், அழுவான்னு பார்த்தேன். அங்க கெடந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா. வெளிய நாதஸ்வரம் வாசிக்கிறாங்க. என்னைப் பார்க்காம, தரையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா. கேட்டுட்டு எந்திரிச்சுக் கதவைத் தொறந்துட்டுப் போயிட்டா.

நான் போயி மூணாவது வரிசைல உக்காந்தேன். தாய்மாமன் வாங்கன்னு ஐயர் கூப்பிட்டதும் எந்திரிச்சேன். பட்டு வேட்டியோட பாதி எந்திரிச்சிருக்கேன், பார்த்தா எவனோ ஒருத்தன் பொண்ணு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றான். கேட்டா, அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேனாம். ஆரோக்கியசாமியாம். கூடப்பொறந்தவன் நான் உக்காந்திருக்கேன், மணி அடிக்கிறவனைத் தாய்மாமன்னு நிறுத்துறா! அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு, ஒண்ணும் புரியாம. நான் உக்காந்துட்டேன். உண்மையைச் சொன்னதுக்குக் கெடைச்ச மரியாதை சார் இது. சாப்பிடாம வந்துட்டீங்களான்னு வீட்டுல செண்பகம் கேட்டா. சாப்பிட்டேன். கோவம் வேற, பந்தி வேற.

மறுநாள் காலையில வந்ததும் போர்டைக் கழட்டினேன். மேடம் ஓடி வர்றாங்க. "என்ன பண்றீங்க வைத்திலிங்கம்?" மறுபடியும் முதல்லேருந்து சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கலை. எங்க அக்காவுக்கே போன் போட்டாங்க. அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, மேடம் "ம்", "ம்"னு கேட்டுட்டு போனை வெச்சாங்க. அப்புறம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. பதினோரு வருஷத்துல அப்படிப் பார்த்ததில்ல. "சரி, இனிமே அந்த அறையில பழையபடி பத்தாயம் மட்டும் சொல்லுங்க போதும்"னாங்க.

அது எப்படி சார்? பொய்யா இருந்தப்ப பித்தளைல போர்டு. உண்மையைச் சொன்னா பத்தாயம் மட்டும். ஒம்பது நாள் அவ அங்க இருந்தது பொய்யா? அதைச் சொல்லக் கூடாதா? கேட்டேன். "அதைக் கேட்டுட்டு யாரும் சந்தோஷமாப் போக மாட்டாங்க"ங்குறாங்க.

என்ன கேள்வி கேட்டான்னா? அக்காவா? அதை விடுங்க.

இல்ல, சொல்றேன். நாலு மாசமா எனக்கும் அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. சொல்லிட்டாவது போறேன். "அப்ப அந்த வீட்டுல ஒருத்தர்கூட இல்லையாடா தம்பி?"ன்னு கேட்டா.

என்ன கேள்வி சார் இது? நீங்களே சொல்லுங்க. படிச்சவ, டீச்சரா இருந்தவ கேக்குற கேள்வியா? இல்லாம என்ன? ஆறு பேரு இருந்தோம் சார் இந்த வீட்டுல. அப்பா இருந்தாரு, அம்மா இருந்தாங்க. பெரியப்பா, பெரியம்மா. நான். அன்னிக்கு ஒருத்தரும் ஊருக்குப் போகலை, எல்லாரும் இங்கதான் இருந்தோம். எண்ணிக்குங்க. அவ உள்ள, நாங்க அஞ்சு பேரு வெளிய.